ஆள் ஏன் நிற்பதில்லை? பீர்மேட்டு மலையில் கேட்டவை

கம்பம்

விடியற்காலை நான்கரைக்கெல்லாம் கம்பத்துத் தெருக்களில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. முக்குகளில் தூக்குவாளியும், சேலைக்கு மேல் மாட்டிய பழைய ஆம்பளைச் சட்டையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். கூடலூர், கம்பம், புதுப்பட்டி என அடிவாரத்து ஊர்களிலிருந்து தினமும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவர்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அங்கே கணக்கே கிடையாது.

நான் திருப்பூர்க்காரன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய டெய்லர் திங்கட்கிழமை வேறொரு பனியன் கம்பெனியில் மெஷின் மிதிப்பது எங்கள் ஊரில் வாராவாரம் நடப்பது. நாலு முதலாளிகள் கூடினால் அங்கே ஒரே பேச்சுதான்: "ஆள் நிக்க மாட்டேங்கறாங்க." பீஸ் ரேட்டை ஏற்றிப் பார்த்தார்கள். ஹாஸ்டல் கட்டினார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பேச்சு மட்டும் ஓயவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில், ஒரே செடியை நம்பி வாழ்ந்த தமிழர்கள் பீர்மேட்டில் இருக்கிறார்கள். வேலையில் ஓர் ஆளை நிற்க வைப்பது எது என்று அவர்களிடம் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதல் பதில் அடிவாரத்திலேயே கிடைத்தது. டீக்கடை பெஞ்சில் ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அக்காவிடம், தினமும் ஒரே தோட்டத்துக்குத்தான் போவீர்களா என்று கேட்டேன்.

"கூலி எல்லாத் தோட்டத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான் தம்பி. ஆனா கஞ்சி குடிக்க உக்காந்தா வாட்ச்சப் பாக்குற தோட்டத்துக்கு நான் போறதில்ல."

ஏலக்காய் எடுப்பு என்பது நாள் முழுக்கச் செடியின் காலடியில் குனிந்து உட்கார்ந்து, தரையோடு படர்ந்த சரத்தில் பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்கிற வேலை. அவசரப்பட்டால் பிஞ்சும் கூடவே வந்துவிடும், அடுத்த எடுப்பு போச்சு. வாட்ச்சைப் பார்க்கிற முதலாளி மிச்சப்படுத்துவது பத்து நிமிடம். கைநிதானம் உள்ள ஆள் அதற்குள் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஏறியிருப்பார். திருப்பூரில் கூட்டம் போட்டுப் பேசியும் பிடிபடாத ஒரு விஷயத்தை அந்த அக்கா ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

குமுளி, வண்டிப்பெரியாறு

லோயர் கேம்ப் தாண்டியதும் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படுகின்றன. 1895 முதல் தேனிப் பக்கத்துக்கும் மதுரைப் பக்கத்துக்கும் சோறு போடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அந்தக் குழாய்களில் இறங்கி மின்சாரமும் தந்துவிட்டுப் போகிறது. ஏறி முடித்தால் குமுளி. பாதி வீதி தமிழ்நாடு, மீதி கேரளம். அங்கே நான் நிற்கவில்லை.

வண்டிப்பெரியாற்றை நெருங்கும்போது ஏலக்காட்டு இருட்டு விலகி, மலை முழுக்கத் தேயிலை விரிகிறது. ஊடே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் உச்சிவரை ஏறிய மிளகுக்கொடிகள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரிசலையும் சாயக்கழிவு ஓடிய நொய்யலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வளவு பச்சையை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். பரிமாறியவர் முதலில் மலையாளத்தில் கேட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிக்கொண்டார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் வீட்டு மொழிதான்.

ஊருக்கு வெளியே ஒரு சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படுதா, தலையில் பிளாஸ்டிக் சாக்கு, காலில் ரப்பர் பூட்ஸ், அதற்குள் அட்டைக்காகத் தடவிய புகையிலை. பலர் கையில் பை கோத்த கத்தரி. வயதான ஓர் அம்மா மட்டும் கையால் கிள்ளிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குருத்தின் கழுத்தைத் தொட்டதும் ஒரு சின்ன மடக்கு, அவ்வளவுதான். இரண்டு இலையும் மொட்டும் காயமில்லாமல் கைக்குள் வந்துவிடுகின்றன. கீழிருக்கும் இளங்குருத்தை விட்டுவிடுகிறார், அது அடுத்த சுற்றுக்கு. வளர்ச்சி நின்றுபோன தண்டைக் கிள்ளி எறிந்துவிடுகிறார், இல்லாவிட்டால் அது செடியின் வேகத்தைத் தடுக்கும். எதை எடுப்பது, எதை விடுவது, எதை எறிவது என்ற மூன்று முடிவையும் விரல்களே எடுத்துக்கொள்கின்றன. கண் அடுத்த செடிக்குப் போய்விட்டது.

"கத்தரியில போட்டா கிலோ கூடும். ஆனா கரட்டு இலையும் சேந்து வரும். அது எனக்கு மனசுக்கு ஒப்பாது" என்றார்.

தினக்கூலிக்கு இத்தனை கிலோ என்று ஒரு குறைந்தபட்ச எடை உண்டு. அதற்கு மேல் போனால் கிலோ கணக்கில் கூடுதல் காசு. ஆனால் தூள் விலைபோவது கிலோவை வைத்து மட்டுமல்ல. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, நொறுங்கி, புளித்து, காய்ந்தால் ஒரு கிலோ தூள். அது கொச்சி ஏலத்துக்குப் போய் ருசி பார்ப்பவரின் நாக்கில் படும்போது கொழுந்தின் தரம்தான் விலை பேசும். நிர்வாகம் விற்பது தரம், கூலி கொடுப்பது எடைக்கு. இடையில் இந்த அம்மாவின் விரல் மட்டும் தரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று ஒரு பைசாவும் கிடையாது.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். செடியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "ஒரு தடவ பழைய துரை எடை போடுற இடத்துக்கு வந்தாரு. என் படுதாவுல கைய விட்டு அள்ளிப் பாத்துட்டு, 'இது யாரு பறிச்சது?'ன்னாரு. நான்தான்னேன். 'எல்லாரும் இந்த அம்மா கொழுந்தப் பாருங்க'ன்னுட்டுப் போயிட்டாரு. சோலி பாக்க வந்த இத்தன வருசத்துல அது ஒருக்காதான்."

அந்தத் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறதாம். அவர் சொன்ன ஒரு வரிக்காக இந்த அம்மா இன்னமும் வேலை பார்க்கிறார். எந்த முதலாளிக்கும் செலவே இல்லாத காரியம் அது. ஆனாலும் அபூர்வமாகத்தான் நடக்கிறது.

பீர்மேடு

பீர் முகம்மது என்ற சூஃபியின் பெயரைத் தாங்கிய மலை இது. அவர் அடங்கிய இடத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி. கோடையிலும் சட்டைக்குள் குளிர் நுழையும். திருவிதாங்கூர் மகாராஜாக்கள் வெயிலுக்கு ஒதுங்க இங்கேதான் அரண்மனை கட்டினார்கள். 1860களில் வெள்ளைக்காரர்கள் காடழித்துக் காப்பி வைத்தார்கள். இலைத்துரு நோய் வந்து காப்பியைத் தின்ற பிறகு தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு ஆள் வந்தது நம் பக்கத்திலிருந்து. ஆள் பிடிக்கும் கங்காணி கையில் முன்பணம் வாங்கி, அந்தக் கடனைக் கழிக்கவே மலையேறியவர்கள். விரும்பி எடுத்த வேலை அல்ல அது. ஆள் ஓடிப்போகாமல் கட்டிப்போட்டது கடன்.

கடன் போய் அந்த இடத்துக்கு வீடு வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் நிர்வாகமே தர வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் லயம் என்று சொல்கிற அந்த வரிசை வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பீர்மேட்டுச் சாயக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தபோது ஓர் இளைஞர் சொன்னார்: "அம்மா ரிட்டயர் ஆனா வீடு போயிரும்ணே. அதனால அண்ணன் படிப்ப விட்டுட்டு மருந்தடிக்க ஏறினான். அவனுக்கு அந்த வேல பிடிக்குமான்னு எங்க வீட்டுல யாருமே கேக்கல." இவர் குட்டிக்கானத்தில் கல்லூரி முடித்துவிட்டு எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறார். இனி மலைக்குத் திரும்ப மாட்டாராம். அவர் விட்ட இடத்தில் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் கொழுந்து கிள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். திருப்பூரில் பார்த்ததையேதான் இங்கும் பார்த்தேன்.

அதே மேசையில் மூணாறு பேச்சும் வந்தது. இளைஞரின் அத்தையை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 2005இல் டாடா டீ மூணாறுத் தோட்டங்களிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி உருவாகி, 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் பங்குதாரர்கள் ஆனார்கள். கொழுந்து பறிக்கிறவரே முதலாளி என்று உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு. பத்தே வருடத்தில், 2015 செப்டம்பரில், அந்தப் பங்குதாரப் பெண்களே ஆயிரக்கணக்கில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். லாபம் சரிந்துவிட்டது என்று சொல்லி நிர்வாகம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்திருந்தது. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் கைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 232 ரூபாயாக இருந்த தினக்கூலி கேரளத் தோட்டங்களில் 301 ஆனது.

"பங்கு பத்திரம் அத்த வீட்டு டிரங்குப் பொட்டியில இருக்கு. ஆனா முடிவெடுக்குறப்போ அவங்கள யாரு கூப்பிட்டா?" என்றார் இளைஞர்.

கம்பெனியையும் நான் குறைசொல்ல வரவில்லை. விலை விழுந்த காலத்தில் தோட்டத்தை மூடாமல் நடத்தியது பெரிய காரியம்தான், அதன் அருமை பீர்மேட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் காகிதத்தில் பங்கு கொடுத்துவிட்டு, கணக்கு வழக்கில் பேச இடம் கொடுக்காவிட்டால் அந்த இடத்தை ரோட்டில்தான் தேடுவார்கள். லாபம் ஏன் குறைந்தது என்று பெண்களை உட்கார வைத்து விளக்கி, அவர்கள் சொல்வதையும் கேட்டிருந்தால் அந்த ஒன்பது நாளின் கொழுந்து செடியிலேயே முற்றியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

குட்டிக்கானம், ஏலப்பாறை, சீந்தலார்

குட்டிக்கானத்துப் பைன் காட்டில் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் கட்டப்பனை ரோட்டில் ஏலப்பாறைக்குத் திரும்பினேன். இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்ததே இந்தப் பக்கத்தைத்தான்.

சோவியத் ஒன்றியம் உடைந்ததில் தென்னிந்தியத் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டம் கண்டது. தொண்ணூறுகளின் கடைசியில் விலை படுத்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் பீர்மேடு டீ கம்பெனி தன் சீந்தலார், லோன்ட்ரீ தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனது. சம்பள பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் நிலுவை. வேறு தோட்டங்களும் அடுத்தடுத்து மூடின. பீர்மேடு தாலுகாவில் பட்டினி என்ற சொல் அந்த வருடங்களில் பத்திரிகைச் செய்தியாகவே வந்தது.

ஃபாக்டரி இன்னும் நிற்கிறது. தகரம் துருப்பிடித்து, கண்ணாடி உடைந்து, உள்ளே செடி முளைத்து. லயங்களில் சில வீடுகளுக்கு மேல் நீலத் தார்ப்பாய், அது பறக்காமலிருக்கக் கல். ஆனாலும் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நிர்வாகம் போன பிறகு செடிகளைத் தொழிலாளர்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் பங்கில் பறித்து, வண்டி கொண்டு வருகிறவர்களிடம் எடை போட்டுக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். கங்காணி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, சங்கும் ஊதுவதில்லை.

முதலாளியே இல்லாத வேலை எப்படி இருக்கிறது? லயத்து வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தார். சாப்பாட்டு நேரம் ஆனதும் அவித்த கப்பையும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. அவர் பாட்டி திருநெல்வேலிச் சீமை. குழம்பில் இன்னும் அந்த ஊர்ப் புளி இருந்தது.

"ஏச்சுப்பேச்சு கிடையாது. பேத்திக்குக் காய்ச்சல்னா வீட்டுல இருந்துக்குவேன், யாரையும் கேக்க வேண்டாம். அது நிம்மதிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தொடர்ந்தார்: "ஆனா செடியப் பாருங்க. கவ்வாத்து அடிக்கணும், உரம் போடணும். நாளைக்கே யாராச்சும் வந்து எறங்குங்கன்னு சொன்னா? அப்புறம் எதுக்குச் செலவு பண்ண? கெடச்ச வரைக்கும் பறிக்கோம். இந்தச் செடிக்கு நாங்க செய்யறது பாவம்தான்."

தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு சில மாதம் வருமானம் கிடையாது. அடுத்த வருடம் இந்தச் செடி தன் கையில் இருக்கும் என்று நம்புகிறவர்தான் இன்றைய கொழுந்தை விட்டுக்கொடுத்து வெட்டுவார். விட்டால் தேயிலை மரமாகிவிடும். வேலை தெரிந்த அந்த அம்மாவுக்கு வெட்டத் தெரியும், வெட்டும் நாளும் தெரியும். நாளை என்பது மட்டும் அவரிடம் இல்லை.

இந்த நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய புத்தகம் இருக்கிறது. ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிட்ஸ்பர்க் பகுதியில் இருநூறு எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் விசாரித்து எழுதியது, 1959இல் வந்தது. அதில் அவர் சொன்னது இது: கூலி, கூரை, மேலதிகாரியின் போக்கு இவை மோசமானால் மனம் கசக்கும். இவற்றைச் சரிசெய்தால் கசப்பு போகும், ஆனால் அதனாலேயே நிறைவு வந்துவிடாது. நிறைவு வருவது வேலையிலிருந்தே: செய்து முடித்தது தெரிவதில், அதை இன்னொருவர் மதிப்பதில், பொறுப்பு கிடைப்பதில், மேலே வளர்வதில். சீந்தலார் லயத்து வாசலில் இருந்து பார்த்தால் அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. பொறுப்பும் சுதந்திரமும் இந்த அம்மாவுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. கூரைதான் ஒழுகுகிறது. முந்தைய தலைமுறைக்குக் கூரை இருந்தது, மதிப்பு இல்லை. இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்கு ஈடு என்று சொல்ல எந்த முதலாளிக்கும் நியாயம் கிடையாது. ஊழியர் தின விழாவில் கேடயம் கொடுத்துவிட்டு பி.எஃப். கட்டாத கம்பெனிகள் நம் ஊரிலும் உண்டு.

முண்டக்கயம், ஏந்தயார்

குட்டிக்கானத்திலிருந்து கீழே இறங்கும் ரோட்டில் வளஞ்ஞங்ஙானம் அருவி ரோட்டோரத்திலேயே கொட்டுகிறது. பெருவந்தானம் தாண்டியதும் தேயிலை மறைந்து ரப்பர் தொடங்குகிறது. குளிரும் போயே போய்விட்டது.

முண்டக்கயத்துக்குப் பக்கத்தில் ஏந்தயார். ஜான் ஜோசஃப் மர்ஃபி என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர், பிறகு இங்கே வந்து ஊன்றினார். சுதந்திரம் வந்து, மற்ற துரைமார்கள் விற்றுவிட்டுக் கப்பலேறிய பிறகும் மர்ஃபி போகவில்லை. 1957இல் இறந்ததும் இந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். ரப்பர் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர், தன் அப்பா சொன்னதாகச் சொன்னார்: "சாயிப்பு ஒவ்வொரு வெட்டுக்காரனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம்." அந்தக் காலத்துத் தோட்ட முறையின் கொடுமைகளை மர்ஃபி ஒருவரைச் சொல்லி மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனாலும் செத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒரு முதலாளியின் பெயரை வேலைக்காரர்களின் பிள்ளைகள் மரியாதையோடு சொல்கிறார்கள். சீந்தலாரில் அந்த அம்மாவிடம் பழைய முதலாளி யார் என்று கேட்டபோது, "யாருன்னே தெரியாது, கல்கத்தாவோ பம்பாயோ" என்றுதான் பதில் வந்தது.

ஆள் நிற்பதில்லை என்று நாம் புலம்புகிறோம். சீந்தலாரில் நான் கண்டவரை ஆட்கள் நின்றார்கள், ஃபாக்டரிக்குப் பூட்டுப் போட்ட பிறகும் நின்றார்கள். போனவர்கள் முதலாளிகள்தான்.

திருப்பூர் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். போன ஆளைப் பற்றிப் பேசியது போதும். உங்கள் கம்பெனியில் பதினைந்து வருடமாக நிற்கிற ஒரு டெய்லரையோ செக்கிங் அக்காவையோ இந்தச் சனிக்கிழமை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, ஒரு டீ கொடுத்து, இத்தனை நாள் ஏன் போகாமல் இருந்தீர்கள் என்று கேளுங்கள். அப்போது வாட்ச்சைப் பார்க்காதீர்கள்.